நூறு வீதச் சித்தியும் ஐந்து முதலாம் பிள்ளைகளும்

"நூறு வீதம் எண்டதைப் பெரிசா அடியுங்கோ, ரோட்டில நிண்டாலும் தெரியவேணும்..."

"அடிக்கலாம் அண்ணை, ஆனா எத்தினை பேர் ஐஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை எடுத்தவை எண்டு கீழ சின்னனா..."

"சின்னனா ஒண்டும் வேண்டாம் கிளிபோட்! எடுத்தவை எல்லாரும் பாஸ். அதுதானே நூறு வீதம்?"

"எடுத்தது ஒரு பிள்ளை, அண்ணை."

"ஒரு பிள்ளை எடுத்து ஒரு பிள்ளை பாஸ். உதுக்கு மேல உமக்கென்ன வேணும், நூற்றிப்பத்தோ?"

மனிதகுலத்தின் கல்வி வரலாற்றில் சுண்டிமுனை ஆரம்பப் பாடசாலைக்கு நிகராக இன்னொன்றைக் காட்டுவது கடினம். யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் இன்று படிப்பவர்கள் ஆறு பேர். ரொறன்ரோவில் அதன் பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அதாவது, படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் படித்து முடித்தவர்கள் முப்பத்தைந்துக்கும் மேல். உலகின் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் இந்த விகிதத்தைக் கனவிலும் எட்டாது. நிர்வாகக் குழுவில் மட்டும் பதினேழு பேர் இருக்கிறோம்.

கூட்டக்குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. தீர்மானங்களை மட்டும் எழுதினால் போதும் என்பது தலைவர் அமிர்தநாதரின் கட்டளை. ஆனால் தீர்மானம் எங்கிருந்து வந்தது என்பது பேச்சில்தானே இருக்கிறது?

அன்று ஞாயிறு காலை, மோர்னிங்சைட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் கூடியிருந்தோம். பரிசளிப்பு விழாவுக்குக் கட்டும் பனர் பற்றித்தான் தலைவரும் செயலாளர் கிளிபோட்டும் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் சுண்டிமுனையிலிருந்து அதிபர் யூஜினி ரீச்சர் தோன்றியிருந்தார். அவரை மியூட்டில் வைத்திருந்தோம். கடைசியில் அவர் நன்றி சொல்வதாக நிகழ்ச்சிநிரலில் இருந்தது.

விட்பியிலிருந்து வந்த பிரியந்தன், வங்கியில் புள்ளிவிபரம் பார்க்கிறவர், மடிக்கணினியைத் திறந்தார்.

"ஓகே, ஸ்டூடன்ற் பொப்யுலேஷன் சிக்ஸ். ஜென்டர் பலன்ஸ் பேர்ஃபெக்ற்: மூண்டு பொடியள், மூண்டு பெட்டையள். ரெண்டு ரீச்சர்மார், சோ, ஒரு ரீச்சருக்கு மூண்டு பிள்ளையள்."

"இஞ்சத்தைப் பிறைவேற் ஸ்கூல்காரர் இதைக் கண்டா அழுவினம்," என்றார் தலைவர்.

"கிரேட் த்ரீயில வருசம் முழுக்க அப்சென்ற் ஸீரோ, அங்கிள்."

"பாத்தீங்களே ஒழுக்கத்தை!"

"கிரேட் த்ரீயில பிள்ளையளும் ஸீரோ, அங்கிள்."

"அதுக்கென்ன, ஒழுக்கம்தான் முக்கியம்."

கை தட்டினோம். பின்வரிசையில் யாரோ, பத்து வருடத்துக்கு முன் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். நாற்பத்தொன்று என்றார் பிரியந்தன். இந்த இடத்தில் எங்கள் மகத்தான 'முதலாம் பிள்ளைத் திட்டம்' பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே ஆண்டிறுதிச் சோதனையில் அதிக புள்ளி எடுக்கும் பிள்ளையைச் சங்கம் பட்டணத்துப் பெரிய பாடசாலையில் சேர்த்து, விடுதியிலும் இடம் எடுத்துக் கொடுக்கும். ஒன்பது வருடமாகத் தவறாமல் கொடுத்தோம். முதலாம் பிள்ளை போனது. பின்னால் தம்பி தங்கைகள் போனார்கள். அவர்களுக்குச் சமைத்துப்போடத் தாய் தகப்பனும் போனார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து வீடும் போனது. திட்டம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெற்றி.

திரையில் யூஜினி ரீச்சர் கையை உயர்த்தினார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்துக் கிளிபோட் மியூட்டை எடுத்துவிட்டார்.

"அண்ணை, கல்வித் திணைக்களத்தால கடிதம் வந்திருக்கு. ஜனவரியில ஐஞ்சு பிள்ளையளுக்குக் குறைஞ்சா மூடுறதாம். பாஸ் பண்ணின நிலாணி ஆறாம் வகுப்புக்கு வேற இடம் போவாள், எங்களிட்ட ஐஞ்சாம் வகுப்பு வரைக்கும்தானே. மிச்சம் சரியா ஐஞ்சு பேர். புதுசா வர ஒருத்தரும் இல்லை. இந்த ஒரு வருசம் ஒருத்தரையும் எடுக்காதேங்கோ."

"ரீச்சர், நல்ல பள்ளிக்கூடம் எங்கயோ, பிள்ளை அங்க போகவேணும்," என்றார் தலைவர். "நான் என்ன செய்தனான்? என்ர மகனுக்காக மோர்னிங்சைட் வீட்டை வித்துப்போட்டு யூனியன்வில்லுக்குப் போனனான்."

"நீங்கள் போனாப் பிறகு மோர்னிங்சைட் பள்ளிக்கூடத்தை மூடினவையோ, அண்ணை?"

"சேச்சே, அங்க எண்ணூறு பிள்ளையள்!"

"இஞ்ச ஐஞ்சு, அண்ணை."

மட்டன் றோல்ஸ் தட்டு ஒரு சுற்று வந்தது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

"ஒண்டு போனா என்ன? ரெண்டாம் பிள்ளை முதலாம் பிள்ளை ஆகுது. எத்தினை பேர் போனாலும் சுண்டிமுனையில முதலாம் பிள்ளை இல்லாமப் போகாது!"

இதைவிடப் பெரிய கல்வித் தத்துவத்தை நான் என் காதால் கேட்டதில்லை. குறிப்பில் அடிக்கோடிட்டேன்.

"சரி, சொல்லுங்கோ ரீச்சர். இந்த வருசம் ஆர் முதலாம் பிள்ளை?"

யூஜினி ரீச்சர் ஒரு தாளைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"றொய்சன், எழுபத்தி மூண்டு."

"வாழ்த்துகள்! கிளிபோட், படத்தை எடுப்பியும்."

"பொறுங்கோ அண்ணை. றொய்சன்ர தங்கச்சி, எழுபத்தி மூண்டு. இரட்டைப்பிள்ளையள் ரெண்டு பேரும், எழுபத்தி மூண்டு. அபிஷன், எழுபத்தி மூண்டு."

"வாவ்!" என்றார் பிரியந்தன். "இப்பிடி ஒரு டேற்றாவை நான் லைஃபிலயே காணேல்லை!"

"அபிஷனுக்குப் பென்சில் பிடிக்கவே வரேல்லை எண்டு போன மாசம் நீங்கள்தானே சொன்னியள்?" என்று கிளிபோட் கேட்டார்.

"ஒரு மாசத்தில வந்திட்டுது தம்பி. எல்லாம் உங்கட சங்கம் தாற ஊக்கம்."

பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்கட யாப்பில முதலாம் பிள்ளை ஒராள் எண்டுதானே இருக்கு? அப்ப இந்த முறை ஒராளைத் தெரிஞ்செடுக்க ஏலாது. என்ன அண்ணை?"

கிளிபோட் சங்க விதிகள் அடங்கிய யாப்பைப் புரட்டினார். ஒராள் என்றுதான் இருந்தது. பதினேழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரீச்சர் தாளை மடித்து மேசையில் வைத்தார். அந்த ஒரு நிமிடம் சுண்டிமுனைப் பாடசாலை திறந்துதான் இருந்தது.

அமிர்தநாதர் அண்ணையின் கண் கலங்கியது.

"பத்தாவது வருசம். ஹோல் புக் பண்ணியாச்சு. சீஃப் கெஸ்டுக்கும் சொல்லியாச்சு. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில ஐஞ்சு பேரும் முதலாம் பிள்ளை எண்டா, அதில ஒராளைத் தெரிஞ்சு மற்ற நாலு பேரின்ர மனதை நோகடிக்க நாங்கள் என்ன கல்நெஞ்சுக்காரரோ? யாப்பைத் திருத்துங்கோ கிளிபோட். ஐஞ்சு பேரையும் எடுப்பம்!"

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பனரில் ஐந்து படம் போடுவதென்றும், நூறு வீதத்தை இன்னும் பெரிதாக அடிப்பதென்றும் முடிவாகியது. ஆட்சேபனை உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவருக்கும் இல்லை. தீர்மானத்துக்கு ஆதரவாக என் ஒரு கை உயர்ந்திருந்தது, மற்றக் கையில் றோல்ஸ் இருந்தது. 'ஏகமனதாக' என்று பிறகுதான் எழுதினேன்.

"இனி ரீச்சர் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுவா," என்றார் கிளிபோட்.

யூஜினி ரீச்சர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, மாணவர் பெயர் பதியும் இடாப்பை எடுத்தார். புதுப் பக்கம் ஒன்றை விரித்து, பேனையின் மூடியைக் கழற்றினார்.

"நன்றி அண்ணை. அப்ப ஜனவரிக்கு உங்கட பதினேழு பேரையும் முதலாம் வகுப்பில பதியட்டோ?"