கட்டியாகவே இருந்திருக்கலாம்

அரிசி வாளிக்குள் வைத்தால் அரிசி அள்ளும்போது கையில் அகப்படும். பிரிட்ஜுக்குள் வைத்தால் மீனோடு மீனாகக் குப்பைக்குப் போய்விடும். தங்கக் கட்டிகளைக் கையில் பிடித்தபடி பேரின்பநாதன் லாசால் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார்.

ஓய்வுக்காலத்துக்கென்று ஃபாக்டரியில் முறிந்து முறிந்து சேர்த்த காசு அது. போன மாதம்வரை ஷெயர்களில் இருந்தது. "தங்கம் படுத்துக் கிடக்கும், ஷெயர்தான் ஓடும்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனுசன்! 2008 ஒக்டோபரில் ஷெயர் ஓடத்தான் செய்தது, பள்ளத்தை நோக்கி. வெலவெலத்துப் போய்ப் பாதி விலைக்கு விற்று, மிச்சத்துக்குத் தங்கம் வாங்கிவிட்டார்.

"பாங்கில லொக்கர் எடுங்கோவன்," என்றாள் மனைவி சிவமலர்.

"பாங்குகளே கவிழுது எண்டு ரீவியில சொல்லுறாங்கள். அங்க போய் வைக்கவோ?"

"அப்ப என்னட்டைத் தாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

கொடுத்தார். விதி யாரை விட்டது?

சில கிழமை கழித்துப் பார்த்தால், சிவமலரின் கழுத்தில் புது அட்டியல், கை நிறையக் காப்பு. பேரின்பநாதன் தேத்தண்ணியைச் சேட்டில் ஊற்றிக்கொண்டார்.

"என்னப்பா இது?"

"உங்கட கட்டிதான். உருக்கிச் செய்விச்சனான். கட்டியெண்டால் கள்ளன் தூக்கிக்கொண்டு போவான். கழுத்தில கிடந்தால் என்னையும் சேர்த்தெல்லோ தூக்க வேணும்?"

"செய்கூலி?"

"அதைத் தங்கத்திலயே கழிச்சுப்போட்டினம்."

"சரி, வெளியில போட்டுக்கொண்டு திரியாதையும். இது நகையில்லை, பென்ஷன்!"

சொன்னால் கேட்கிற ஆளா? ரொக்ஸ்பரோவில் நடந்த ஒரு கலியாணத்துக்குச் சிவமலர் அந்தப் பென்ஷன் முழுவதையும் அணிந்துகொண்டு போனாள். மணப்பெண்ணைப் பார்த்ததைவிட அவளைத்தான் சனம் அதிகம் பார்த்தது. யோகமலர் என்றொரு பெண்மணி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மகளுக்குச் சேர்க்கிறியள் போல?"

'இல்லை, எங்கட வயசுகாலத்துக்கு' என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? சிவமலர் "ஓம்" என்றுவிட்டாள்.

அடுத்த ஞாயிறே யோகமலர் தன் மகன் சாரங்கனையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கலியாணம் நடந்தால் பென்ஷன் பறந்துவிடுமே என்று பேரின்பநாதன் தலைகீழாய் நின்று பார்த்தார். பெடியனின் வேலையைக் குடைந்தார், நல்ல வேலை. சாதகம் பொருந்தாது என்றார். அதுவும் பொருந்தித் தொலைத்தது. கடைசியில் மகள் கஜந்தினியையே தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, உனக்கு விருப்பமில்லாட்டி அப்பாட்டைச் சொல்லு. இப்பவே நிப்பாட்டுறன்."

"மே நொன், ஐயோ இல்லை அப்பா! எனக்கு அவரை நல்ல விருப்பம்."

அந்த வழியும் அடைபட்டது. இனி மனைவியிடம் கெஞ்சுவதுதான் மிச்சம்.

"நகையையாவது குறைச்சுப் போடுவம்."

"ரொக்ஸ்பரோவில முழுச்சனமும் பாத்ததெல்லோ! ஒரு காப்புக் குறைஞ்சாலும் வித்துத் திண்டிட்டினம் எண்டு கதைப்பினம்."

"அப்ப வயசு போனால் நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

"பெத்த பிள்ளையை விடப் பெரிசோ?"

நரைத்து, முதுகு வளைந்த பிறகும் அதே ஃபாக்டரியில் பெட்டி அடுக்க வேண்டியதுதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அழுகை அழுகையாய் வந்தது.

பனி கரைந்ததும் கலியாணம் நடந்தது. அட்டியலும் காப்பும் கஜந்தினியோடு புறப்பட்டுப் போயின. மணமக்கள் விருந்துக்கு வந்த அன்று, போனது போகட்டும், புத்தியாவது சொல்லிவிடுவோம் என்று பேரின்பநாதன் மருமகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"தம்பி, அந்த நகையைக் கவனமா வைச்சிருங்கோ. ஷெயரில நான் பட்டது போதும். தங்கம்தான் எண்டைக்கும் காப்பாத்தும்."

சாரங்கன் ஆட்டிறைச்சியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"அதை நேற்றே வித்து, எங்கட ரிட்டயர்மென்டுக்கெண்டு ஷெயர் வாங்கிப்போட்டம், மாமா. ஆரோ மூளையில்லாத விசர்ச்சனம் பயந்து வித்துத் தள்ளினதில இப்ப நல்ல மலிவு!"