எல்லைக்கு ஒன்பது மைல் இப்பால்

வியாழக்கிழமை காலை

அன்புள்ள ஹேசல் அக்காவுக்கு,

தம்பி டெல்மர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். கார் சுகமில்லை. உன் முழங்கால் வலியும், கண்ணில் ஆபரேஷன் செய்த இடமும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆவல். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னவன் வியாழக்கிழமை ஆகியும் வந்து சேரவில்லையே என்று நீ கவலைப்பட்டிருப்பாய், அதைவிடக் கோபப்பட்டிருப்பாய். நான் தூரத்தில் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், வெர்மாண்ட் எல்லைக்கு ஒன்பது மைல் இப்பால், ஒரு சின்ன விடுதியில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் உங்கள் பக்கத்து மலை தெரிகிறது. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். "கார்ல பம்பு போச்சுக்கா" என்றேன். "பாம்பா? எங்க போச்சு?" என்று கேட்டாய். "பெட்ரோல் பம்பு, பெட்ரோல் பம்பு!" என்று விடுதியே அதிரக் கத்தினேன். "பெட்ரோல் ஊத்தாதடா, தீப்புடிச்சிரும், கம்பால அடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஆகவேதான் கடிதம். விடுதியை நடத்தும் கானி அம்மாள் நாளைக்கு உங்கள் ஊர்ப்பக்கம் போகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி ஆர்லீன் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பென்சில்வேனியா வீட்டை ஒற்றை ஆளாக வைத்துக்கொள்ள முடியாமல் மார்ச் மாதம் கைமாற்றிவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். என் மகன் கர்டிஸ், "ராச்செஸ்டருக்கு வந்துடுங்கப்பா, மாடி ரூம் உங்களுக்குத்தான்" என்று மாதம் இரண்டு தடவை கூப்பிட்டான். பென்சில்வேனியா வீட்டிலிருந்து இரண்டு மணி நேர வழிதான், ஆனால் அது நியூயார்க் மாநிலம். நான் மாட்டேன் என்றேன். காரணம் கேட்டபோதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: நியூயார்க்கில் சட்டம் சரியில்லை. இடுப்பில் நான் வைத்திருக்கிற ரிவால்வருக்கு எங்கள் மாவட்ட ஷெரீஃப் கொடுத்த அட்டை இருக்கிறது. அந்த அட்டையை எல்லை தாண்டி எடுத்துப்போனால் பல் குத்தக்கூட உதவாது. அங்கே கைத்துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைக்கவே லைசென்ஸ் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இவன் நல்லவன் என்று நாலு பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னை நல்லவன் என்று எழுதித் தரக்கூடிய நாலு பேரில் மூன்று பேர் கல்லறையில் இருக்கிறார்கள். உங்கள் வெர்மாண்டிலோ அட்டையும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வயதான காலத்தில் மற்றவர்கள் எங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், எங்கே பனி குறைவு என்று பார்த்து இடம் மாறுவார்கள். நான் வரைபடத்தை மேசையில் விரித்து, துப்பாக்கி போகலாம் என்கிற மாநிலத்துக்குப் பச்சைப் பென்சிலும் போகக்கூடாது என்கிற மாநிலத்துக்குச் சிவப்புப் பென்சிலும் தீட்டினேன். நீ பச்சையில் இருந்தாய். மகன் சிவப்பில் இருந்தான்.

தீட்டி முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. உன் மாநிலமும் அதற்குக் கிழக்கே அடுத்தடுத்து இருக்கிற இரண்டும் பச்சை. ஆனால் தரை வழியாக அங்கே வர வேண்டுமென்றால் நியூயார்க்கையோ மாசசூசெட்ஸையோ கடந்தாக வேண்டும், இரண்டும் சிவப்பு. வடக்கே சுற்றினால் கனடா, அது அதைவிடச் சிவப்பு. எங்கள் சுடும் கிளப்பில் இருக்கும் நார்பர்ட்டிடம் யோசனை கேட்டேன். அவன், "ஒண்ணும் பயப்படாத. குண்ட கழட்டி, பெட்டியில வச்சுப் பூட்டி, டிக்கியில போட்டுட்டுப் போ. கடந்து போறவன நாட்டுச் சட்டம் காப்பாத்தும். ஆனா போய்க்கிட்டே இருக்கணும், டெல்மர். எங்கயாவது உக்காந்து காபி குடிச்சேன்னு வையி, நீ கடந்து போறவன் இல்ல, வந்து சேந்தவன்" என்றான். அது சட்டமா நார்பர்ட்டா என்று நான் ஆராயவில்லை. திங்கட்கிழமை விடியும்போதே புறப்பட்டு, எங்கள் எல்லைக்குள்ளேயே டாங்கை நிரப்பிக்கொண்டேன். எழுபத்தொரு வயதில் நியூயார்க் முழுவதையும் எங்கேயும் ஒதுங்காமல் கடப்பது என்று முடிவெடுத்தது என் மூளைதான், மற்ற உறுப்புகளைக் கலந்தாலோசிக்கவில்லை. பாதி வழியில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தவேண்டி வந்தது. ஓடிப்போய் ஓடிவந்தேன். கொண்டுவந்த சாண்ட்விச்சைக் காருக்கு வெளியே, ஒரு காலை முன்னால் எடுத்துவைத்தபடியே நின்று தின்றேன். யாராவது அதிகாரி பார்த்தால் நடந்துகொண்டிருக்கிறான் என்று தோன்ற வேண்டுமல்லவா.

அப்படியெல்லாம் காப்பாற்றிக் கொண்டுவந்த பயணம், உங்கள் மலை கண்ணில் பட்ட இடத்தில் நின்றுவிட்டது. வண்டி இரண்டு தடவை இருமியது, பிறகு மூச்சுவிடவில்லை. இழுவை வண்டிக்காரர் சாயங்காலம்தான் வந்து, இந்த ஊர் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குக் கடை மூடும் நேரம், மறுநாள் வரச் சொன்னார்கள். விடுதியில் அறை எடுத்தேன், ஆனால் தங்கவில்லை. இதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்தால், கோட்டைக் கழற்றி மாட்டினால், தங்கியதாகிவிடும். ஆகையால் கோட்டும் தொப்பியும் போட்டபடி, கால் கதவைப் பார்க்கக் கட்டில் விளிம்பில் சாய்ந்தே கிடந்தேன். காலையில் கானி அம்மாள் எட்டிப் பார்த்து, "கெளம்பிட்டீங்களா?" என்றார். "கெளம்பிக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்குப் போனால், மெக்கானிக் ரஸ் காரை ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தான். "பெட்ரோல் பம்பு போயிடுச்சு. புதுசு வியாழக்கெழம வரும், இல்லேன்னா வெள்ளி. பழச இப்பவே கழட்டி வைக்கிறேன், டிக்கி சாவி குடுங்க" என்றான். இந்த வண்டியில் பம்பை டிக்கியின் அடித்தகட்டைத் தூக்கித்தான் எடுக்க வேண்டுமாம். "டிக்கிய தொறக்க முடியாது" என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"உசுரோட இல்லையா, இல்ல, இல்லவே இல்லையா?"

இந்த நேரம் பார்த்து ஷெரீஃப் ஆபீஸ் காவலர் ஒருவர் டயருக்குக் காற்றுப் பிடிக்க உள்ளே வந்தார். அக்கா, நான் பொய் சொல்லி வளர்ந்தவனில்லை என்பது உனக்குத் தெரியும். சிறுவயதில் நீ உடைத்த ஜாடிக்குக்கூட நான்தான் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சீருடையைப் பார்த்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: ரிவால்வர், நார்பர்ட், சாண்ட்விச், கோட்டு. அவர் கையை உயர்த்தினார்.

"பெரியவரே, மெதுவா. பூட்டியிருக்கா?"

"பூட்டியிருக்கு."

"குண்டு?"

"தனியா, வேற பெட்டியில. சாவி என் காலுறைக்குள்ள."

"எங்க போறீங்க?"

"வெர்மாண்ட்டுக்கு. போய்க்கிட்டே இருக்கேன்."

அவர் அந்தரத்தில் நான்கு சக்கரங்களும் தொங்க நின்ற என் காரை நிதானமாகப் பார்த்தார். "இதப் பத்தி மூணு வக்கீலக் கேட்டா நாலு பதில் வரும்" என்றார். "நான் காத்துப் புடிக்க வந்தேன். எனக்கு இந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம். நீங்க அந்தப் பக்கம் நின்னுதான் பேசுனீங்க." வாசல்வரை போனவர் திரும்பி, "உங்களப் பாத்துக்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அக்கா இருக்கிறாள் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நான் டிக்கி சாவியை நீட்டினேன். ரஸ் பெட்டியைக் கையால் தொடாமல், அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

கைதாகவில்லை என்கிற நிம்மதியில் அறைக்கு வந்தவன், கோட்டைக் கழற்றாமலே மறுபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. விடுதிப் பதிவேட்டில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் பெயர் கேட்டிருந்தார்கள், பழக்கதோஷத்தில் கர்டிஸ் பெயரை எழுதியிருந்தேன். கானி அம்மாள் எனக்குத் தெரியாமல் அவனைக் கூப்பிட்டு, "உங்கப்பா ரெண்டு நாளா கோட்ட கழட்டாம உக்காந்திருக்காரு, எனக்கு பயமாயிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டார். நேற்று மதியம் கதவைத் தட்டினான். நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மீசை வைத்திருக்கிறான் அக்கா, அது எனக்குத் தெரியாது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் என் பெட்டி இருந்ததால் இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சூப் வாங்கி வந்திருந்தான், நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அப்பா, அம்மா இருந்தப்போ மாசத்துக்கு ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்தீங்க."

"ஆமா."

"அப்பவும் நியூயார்க்கு இதே நியூயார்க்குதான். இதே சட்டம்தான். துப்பாக்கிய வீட்டு அலமாரில வச்சுப் பூட்டிட்டு வந்தீங்க. ஒரு வார்த்த சொன்னதில்ல."

நான் காலி சூப் கிண்ணத்தின் மூடியைத் திருகி மூடினேன்.

"ரெண்டு வருஷமா உங்க பேத்தி பைபர் உங்கள போட்டோலதான் பாக்குறா. அவளுக்கு ஆறு வயசாச்சு. சட்டம்னு சொல்லாதீங்கப்பா. நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

அவன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான் அக்கா. இரண்டு வருடமாக. அதைக் கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். ராச்செஸ்டர் ஆஸ்பத்திரியில் ஆர்லீன் ஒன்பது வாரம் ஆறாவது மாடியில் இருந்தாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் வீட்டுக்குப் புறப்படுவேன், குளிர்காலம், இருட்டியிருக்கும். கீழே காரில் உட்கார்ந்து முன்விளக்கை இரண்டு தடவை போட்டு அணைப்பேன். மேலே அவள் தன் கட்டில் விளக்கை இரண்டு தடவை போட்டு அணைப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கடைசி நாள் நான் போட்டேன், மேலே விளக்கு வரவில்லை. மறுபடி போட்டேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. ராச்செஸ்டருக்குள் நுழைகிற சாலையில் அந்தக் கட்டடம் ஒரு மைலுக்கு முன்னாலேயே தெரியும். அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என்னால் வண்டி ஓட்ட முடியாது. மேலே ஏறிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை. இதைத்தான் சட்டம், சட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கர்டிஸ் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினான். பிறகு, "அப்பா, கடைசி ஒரு மாசமா அம்மாவால கையத் தூக்கவே முடியல" என்றான்.

"அப்ப விளக்கு?"

"நான்தான்பா போட்டேன். வேல முடிஞ்சு, நீங்க கீழ எறங்குற நேரத்துக்கு நான் அடுத்த படிக்கட்டு வழியா மேல வந்துருவேன். 'ஒங்கப்பா கீழ நிக்கிறாரு, போடுடா, இல்லேன்னா அங்கயே நிப்பாரு'ம்பாங்க. அன்னிக்கு நான் நர்ஸக் கூப்பிட வராந்தாவுல ஓடிக்கிட்டிருந்தேன். திரும்பி வந்து பாத்தா உங்க கார் போயிருந்துச்சு."

அவன் என் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினான். நான் தடுக்கவில்லை.

இவ்வளவும் எழுதியதால் என் தீர்மானம் ஆட்டம் கண்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. துக்கம் வேறு, சட்டம் வேறு. இருபத்தாறு வருடம் பால் லாரி ஓட்டியபோது இடுப்பில் இருந்தது இந்த ரிவால்வர், ஒரு மனிதன்மேல்கூட நீட்டியதில்லை என்றாலும், அது இல்லாமல் நடந்தால் என் கால்சட்டை ஒரு பக்கமாகச் சாய்கிறது. இந்த வயதில் நான் யாரிடமும் போய் நல்லவன் என்று சான்று வாங்கப்போவதில்லை. பம்பு வந்ததும் வெள்ளிக்கிழமை உன் வீட்டு வாசலில் நிற்பேன், அதன்பின் சாகும்வரை வெர்மாண்ட்காரன். இதில் மாற்றமில்லை. கர்டிஸும் மதித்து ஒப்புக்கொண்டுவிட்டான், அதாவது எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பின்னறையில் எனக்காக நீ வாங்கிப்போட்ட புது மெத்தையின் மேல் உன் பூனையை ஏறவிடாதே. உன் பக்கத்து வீட்டுக்காரருக்கும், உங்கள் சர்ச்சில் என்னை இன்னும் நினைவு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர்களுக்கும் என் அன்பைச் சொல். ஆண்டவர் உன் கண்ணையும் காதையும் அவர் விரும்பும் வரிசையில் குணமாக்கட்டும்.

என்றும் உன் சொல் மீறாத,
தம்பி டெல்மர்

பி.கு.: வெள்ளி காலை. உறையை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. பம்பு வந்துவிட்டது, வண்டி ஓடுகிறது. கர்டிஸ் பின்னால் தன் காரில் வர, மதியம் உன் வீட்டுக்கு வருகிறோம். கானி அம்மாள் இப்போதே கிளம்புகிறார், கடிதம் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். மேலே எழுதியதில் தீர்மானம் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. வந்தவுடன் நீ எங்களோடு உங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு வரவேண்டும். ஒரு மாநிலத்துக்காரன் அடுத்த மாநிலத்துக்காரிக்குக் கைத்துப்பாக்கியைக் கொடுப்பதென்றால், கூடப்பிறந்தவளானாலும், கடைக்காரர் வழியாகத்தான் கொடுக்க வேண்டுமாம். டிரைவிங் லைசென்ஸையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வை, படிவத்தில் எழுத்து பொடியாக இருக்குமாம். ரிவால்வர் உன்னிடம் இருக்கட்டும், அதற்கு ஏற்ற மாநிலம் உன்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் கர்டிஸோடு ராச்செஸ்டருக்குப் போகிறேன், இருப்பதற்கு. மெத்தை விஷயத்தில் என்னை மன்னித்துவிடு, பூனை ஏறிக்கொள்ளட்டும். இன்று காலை அவன், "ஊருக்குள்ள நுழையறதுக்குச் சுத்து வழி ஒண்ணு இருக்குப்பா, ஆஸ்பத்திரி தெரியாது, இருபது நிமிஷம் கூட ஆகும், அதுல போயிடலாமா?" என்று கேட்டான். வேண்டாம், நேர் வழியிலேயே போ, அந்தக் கட்டடத்துக்கு எதிரே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன்.