பன்னிரண்டாவது நோட்டு

"எங்க போவுது, கூட யாரு போறாங்க, எத்தினி மணிக்குத் திரும்புது. ஒன்னப் பத்தி ஒரு ஆளு இத்தயே திருப்பித் திருப்பிக் கேட்டாருமா," என்றார் டீக்கடை துலுக்கானம்.

வேலை முடிந்து சேக்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாகவல்லி கடை வாசலில் நின்றுவிட்டாள்.

"ஆளு எப்டி அண்ணாத்தே?"

"ஒட்ட வெட்டின கிராப்பு, முறுக்கு மீசை, கையில கறுப்பு டைரி. மப்டி போலீசு. எனக்குத் தெரியாதா?"

"நீ இன்னா சொன்ன?"

"ஞாயித்துக்கெழமைன்னா சமுத்திரத்தப் பாக்கப் போவும், குந்திகினு படம் போடும்னேன். உள்ளதத்தான சொன்னேன்?"

உள்ளதுதான். பயமே அதுதான்.

ராணுவத் தொழிற்சாலையில் நாகவல்லி தற்காலிக டைப்பிஸ்ட். நிரந்தர ஆர்டர் வருமுன் போலீஸ் விசாரணை உண்டு. அப்பா நாகப்பன் ஊரான் வயலில் களை பிடுங்கிப் படிக்கவைத்த பி.ஏ. அவளுடையது. ஆர்டர் வந்தால் குவார்ட்டர்ஸ். வராவிட்டால் அதே ஒழுகுகிற கூரை, அதே 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு'.

தினம் ஒரு படமாவது வரையாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை புளிசோறு கட்டிக்கொண்டு முதல் ரயில், அப்புறம் பஸ் என்று எண்ணூரோ கோவளமோ பழவேற்காடோ போய்விடுவாள். மணலில் சாவகாசமாக உட்கார்ந்து, வெயில் சாயும்வரை படகும் அலையும் வரைவாள். அவளை யாரும் எதற்கும் கூப்பிடாத ஒரே நாள் அது.

ஆனால் எல்லையில் நடந்த சண்டை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விமானக் குண்டுக்குப் பயந்து ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளைக்கூட இன்னும் யாரும் கிழிக்கவில்லை. துறைமுகம், பாலம், கலங்கரை விளக்கம் இவற்றை வரைவது குற்றம் என்று ஆபீஸில் அறிவிப்பு தொங்கியது. அதை டைப் அடித்தவளே நாகவல்லிதான், மூன்று கார்பன் பிரதியோடு. அடித்த வாரமே பழவேற்காட்டுக்குப் போய்க் கலங்கரை விளக்கத்தை வரைந்துவிட்டும் வந்திருந்தாள்.

வீட்டுக்கு ஓடினாள். பன்னிரண்டு நோட்டையும் அரிசிப் பானைக்குள் திணித்தாள்.

"யாரு வந்து கேட்டாலும் எனக்குப் படமே போட வராதுன்னு சொல்லு," என்றாள் அம்மாவிடம்.

மறுநாள் மாலை அம்மா பொன்னியம்மா பெருமையாகச் சொன்னாள்: "வந்தாருடி அந்த ஆளு. வந்ததும் வராததுமா, எம்பொண்ணுக்குப் படமே போட வராதுங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"அவரு இன்னா கேட்டாரு?"

"குடிக்கத் தண்ணி."

நாகவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"அப்பால, பொண்ணு மீனு நல்லா ஆக்குமான்னு கேட்டாரு. அத்தயும் டைரில எழுதிகினாரு."

மீன். பழவேற்காட்டில் அவளைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக்காட்டிய மீன்காரர் கண்முன் வந்தார். அவரைக் கூட்டாளி என்று விசாரிக்கிற வரைக்கும் போய்விட்டார்கள்.

வேப்பம்பட்டிலிருந்து வேலைக்கு வரும் கஸ்தூரியைப் பிடித்தாள். "யாரு கேட்டாலும், ஞாயித்துக்கெழமைல நான் ஒங்க ஊட்டுக்குத் தையல் கத்துக்க வர்றேன்னு சொல்லிடு, தாயே." துலுக்கானத்திடமும் அதையே சொல்லி வைத்தாள்.

இரண்டே நாளில் கஸ்தூரி முகம் வெளுத்து வந்தாள். "எங்க ஊட்டுக்கே வந்துட்டாருடி. நான் இல்ல. எங்கம்மாகிட்டச் சொல்லி வெக்க மறந்துட்டேன். 'நாகவல்லியா, அது இங்க வந்து ரெண்டு வருசமாவுது'ன்னுடுச்சு."

"எழுதிகினாரா?"

"ரெண்டு பக்கம்."

மறுநாள் காலை நோட்டுகளை ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்பில் போட்டாள். மூன்று வருஷத்துக் கடல் ஒரு தவலை வெந்நீருக்குச் சரியாக இருந்தது. பன்னிரண்டாவது நோட்டை, பழவேற்காட்டு நோட்டை மட்டும் போட மனசு வரவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தொழிற்சாலை கேட்டில் பையைச் சோதிப்பார்கள் என்பது கேட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டு, எட்டு மணி நேரம் குனியாமல் டைப் அடித்தாள்.

மாலையில் டீக்கடை பெஞ்சில் முறுக்கு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று காலி கிளாஸ்.

"நீதாம்மா நாகவல்லியா?"

"ஆமா சார்," என்று கும்பிட்டாள். கையைத் தூக்கியதில் நோட்டு நழுவி அவர் காலடியில் விழுந்தது.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இது இன்னா?"

"பனமரம் சார்."

"உச்சியில வெளக்கு எரியுதே."

இனிப் பொய் செல்லாது என்று நாகவல்லிக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் பயமும் கோபமாக வெளியே வந்தது.

"லைட் ஹவுஸ்தான் சார். நான்தான் போட்டேன். தனியாத்தான் போவேன், தனியாத்தான் வருவேன். ஒரு ஆம்பள கடலப் பாத்துகினு குந்தியிருந்தா இப்டி டைரி தூக்கிகினு பின்னால வருவீங்களா? எல்லாத்தையும் எழுதிக்குங்க. எனக்கு மீனும் ஆக்க வராது. அத்தயும் எழுதிக்குங்க."

அவர் ஒன்றும் எழுதவில்லை. நோட்டை அவள் கையில் கொடுத்தார். டைரியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாகவல்லி பெஞ்சில் சரிந்தாள். "போச்சு அண்ணாத்தே. என் வாயாலயே வேலையத் தொலச்சிட்டேன்."

துலுக்கானம் மூன்று கிளாஸையும் தண்ணீரில் முக்கினார். "டீ குடிக்கசொல்லோ சொன்னாரு. வேலைக்கு விசாரிச்சது கார்த்திகையிலயே முடிஞ்சி, தங்கமான பொண்ணுன்னு எழுதி அனுப்பிட்டாராம்மா, மார்கழி போவட்டும்னு காத்துகினு இருந்து இப்ப விசாரிச்சது, அவுரு புள்ளைக்கி."