தூதருக்குப் பின்னால் அசோகா

செத்தாலும் அசோகா தின்றுவிட்டுத்தான் சாவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணாதுரை முடிவெடுத்தார். அப்போது அவர் கையில் இருந்தது சர்க்கரை போடாத காபி.

அசோகா என்றால் ராஜா இல்லை. பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி, திருவையாற்றில் இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பார்களே, அது. ராஜா அசோகர் ஒரே போரோடு சண்டையை விட்டுவிட்டாராம். இவரால் இந்த அசோகாவை விட முடியவில்லை. தஞ்சாவூர், திருவையாறு தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ஒவ்வொரு நடைக்கும் பஸ் அங்கே அசோகா கடை ஓரமாகத்தான் நிற்கும். நெய் வாசனை படிக்கட்டில் ஏறி, டிக்கெட் வாங்காமல் பின்சீட் வரைக்கும் வரும். அப்படிப் பழகிய நாக்கு.

வேலையை விட்டு வீட்டோடு இருந்த முதல் வருஷமே சர்க்கரை வியாதி வந்தது. அவர் மனைவி அம்சம் அன்றைக்கே சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சர்க்கரை இருந்த ஒரே இடம் அண்ணாதுரையின் ரத்தம்தான்.

அம்சத்தைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் அப்பா வரப்பு வெட்டப் போய், மண்வெட்டியால் கால் விரலை வெட்டிக்கொண்டார். சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. புண் ஆறவில்லை. விரல் போயிற்று, பாதம் போயிற்று, அறுவடைக்குள் ஆளே போய்விட்டார். கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் அப்போது யார் போட்டோ எடுத்தார்கள்? அவர் முகம் ஒரு காகிதத்திலும் இல்லை.

இப்போது அண்ணாதுரையின் வலது குதிகாலில் புதுச் செருப்புக் கடித்த புண் ஒன்று, இருபது நாளாகக் காயாமல் இருந்தது. வருகிற தை மாதம் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

"அன்னிக்கு ரெண்டு காலோட மணையில வந்து உக்காரணும்," என்பாள் அம்சம். "ஒத்தக்கால் மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அது அண்ணாதுரைக்குத் தெரியும். நாக்குக்குத்தான் தெரியவில்லை.

அசோகாவை எங்கே ஒளித்தாலும் அவள் கண்டுபிடித்தாள். ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தார், பிடிபட்டது. நெல் குதிருக்குள் வைத்தார். அவரே பாதி உடம்பு உள்ளே போய் மாட்டிக்கொள்ள, அவள்தான் காலைப் பிடித்து இழுத்தாள். இழுத்தபோதும் புண் இல்லாத காலாகப் பார்த்துத்தான் இழுத்தாள்.

இப்படி இருக்கையில்தான் தஞ்சாவூரில் மீரா சாகிப்பின் பழைய சாமான் கடைக்கு ஒரு மின்விசிறி வாங்கப் போனார். அங்கே சுவரில் மூன்று படங்கள். கண்ணாடிக்குள் மூன்று பெரிய மனிதர்கள். இரண்டு பேர் மார்பு நிறையப் பதக்கத்தோடு வாள் வைத்திருந்தார்கள். மூன்றாமவர் பெரிய தலைப்பாகையும் மீசையுமாக, எதையோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி பார்த்தார்.

ஒரு வக்கீல் பங்களாவை இடித்தபோது வந்தது என்றார் மீரா சாகிப். "பெயிண்ட் இல்லை கண்டக்டர். செம்புத் தகட்டுல முகத்தைச் செதுக்கி, மை தடவி அச்சடிச்சது. எரநூறு வருஷத்துக்கும் மேல. கிட்ட வந்து பாருங்க, எல்லாம் கோடு."

அண்ணாதுரை மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனார். கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் மயிரிழைக் கோடுகள். நடவு முடிந்த வயலைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல வரிசை வரிசையாக இருந்தது. அதைவிட முக்கியமாக அவர் கவனித்தது வேறு. தலைப்பாகைக்காரரின் பெரிய படம் ஆணியிலிருந்து முன்னால் சாய்ந்து தொங்கியது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை தாராளமாகப் போகும்.

"மூணையும் கட்டுங்க பாய். வீட்டுக்குக் காவலா இருக்கட்டும்."

"காவலுக்குன்னா இந்த ரெண்டு பேர் சரி. தளபதிங்க. தலைப்பாக்காரர் இவரு துருக்கி ராஜா பிரான்ஸுக்கு அனுப்பின தூதரு. காவலுக்கெல்லாம் ஆக மாட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது சேதி சொல்றது ஒண்ணுதான்."

அண்ணாதுரை அதைக் காதில் வாங்கவில்லை. இத்தனை நாள் கண்டக்டர், இனிமேல் கமாண்டர் என்று விசிலடிக்காத குறையாக வீடு வந்து சேர்ந்தார்.

கூடத்தில் தானே ஆணி அடித்து மாட்டினார். தளபதிகள் சின்னச் சட்டம், சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தூதர் நடுவில் சாய்ந்து நின்றார். அவருக்குப் பின்னால், அதே ஆணியில் ஒரு சின்ன மஞ்சள் பை. பையைச் சுற்றி எறும்புச் சாக்குக்கட்டியால் ஒரு எல்லைக்கோடு. எந்தத் தளபதியும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

அம்சம் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். சுவர் விரிசல் விட்டால் யார் பூசுவது, கண்ணாடி விழுந்தால் யார் கூட்டுவது, முன்பின் தெரியாத மூன்று ஆம்பளைகள் முன்னால் அவள் எப்படித் தலையை விரித்துக் காயவைப்பது என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அண்ணாதுரை "கலைப்பொருள்" என்ற ஒரே பதிலைச் சொன்னார். எதிர்வீட்டு இளையபெருமாள் வந்து மூன்று படத்தையும் கும்பிட்டுவிட்டு, "எப்பண்ணே தவறினாங்க, மூணு பேரும் ஒண்ணாவா?" என்று துக்கம் விசாரித்துப் போனார்.

மூன்று நாள் அண்ணாதுரை சொர்க்கத்தில் இருந்தார். அம்சம் கொல்லைக்குப் போனால் போதும், தூதருக்குப் பின்னால் கை போகும்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தூதருக்கு மல்லிகை மாலை. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். முன்னால் விளக்கு. தளபதிகளுக்கு ஒன்றுமில்லை. அம்சம் கைகூப்பி நின்றாள். இளையபெருமாளும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் உடன் நின்றார்கள்.

"எங்கப்பாங்க," என்றாள்.

அண்ணாதுரை தூதரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனாரை அவர் பார்த்ததே இல்லை.

"கண்ணாடியைத் துடைக்கறப்பதான் பார்த்தேன். இதே தலைப்பாக்கட்டு, இதே பார்வை. ஒரு போட்டோ இல்லையேன்னு நான் பொலம்பினதை மனசுல வச்சு எங்கேயோ தேடிப் பிடிச்சிருக்கீங்க. கலைப்பொருளுன்னு பொய் வேற." மஞ்சள் பையை எடுத்துக் காட்டினாள். "அப்பாவுக்கு அசோகான்னா உசுருன்னு எப்பவோ சொன்னேன். படையலுக்கு அதையும் வாங்கி மறைச்சு வச்சிருக்காரு பாருங்க இந்த மனுஷன்."

இல்லை என்றால் திருடன். ஆமாம் என்றால் மாப்பிள்ளை. அண்ணாதுரை, "ஆமா," என்றார்.

படையல் முடிந்து அசோகா தெருவுக்குப் போயிற்று. இளையபெருமாள் இரண்டு தடவை வாங்கித் தின்றார். விரலை நக்கிக்கொண்டே, "இப்படி ஒரு மருமகன் யாருக்குண்ணே கிடைப்பான்," என்று கண் கலங்கினார். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை என்பதால் விபூதி மட்டும்.

அதோடு போகவில்லை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவரே போய் அசோகா வாங்கிவர வேண்டும் என்றாயிற்று. சரி, கடையிலேயே நின்று தின்றுவிடலாம் என்று திருவையாற்றுக்குப் போனார். ஒரு தட்டு என்று வாயெடுப்பதற்குள் கடைக்காரர் எழுந்து நின்றார். "மாமனார் படையலுக்குத்தானே? கேள்விப்பட்டோம். எச்சில் படாம தனியா எடுத்து வச்சிருக்கேன்," என்று பொட்டலத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். நல்ல பெயர் எடுத்தவனுக்கு ஒதுங்கி நின்று வாயில் போட ஒரு மறைவுகூட ஊரில் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. வீட்டிலோ எந்தப் பக்கம் நடந்தாலும் தூதரின் கண் கூடவே வந்தது.

ஐந்து வெள்ளிக்கிழமை போயிற்று. குதிகால் புண் காய்ந்து, பொருக்கு விழுந்து, புதுத்தோல் வந்தது. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மாமனார் என்று சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். கூடத்துச் சில்லென்ற தரையில் இரண்டு காலையும் அழுத்தி நின்று பார்த்தார். வலிக்கவில்லை. தூதருக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "மாமா, உங்களுக்கு நிலைக்காத கால் எனக்கு நிலைச்சிருச்சு. நல்லா இருங்க," என்றார். இறந்துபோனவரை நல்லா இருங்க என்று சொல்லலாமா என்று பிறகுதான் யோசித்தார். ஆனால் மனசார வந்த வார்த்தை.

திரும்பினால் அம்சம் நின்றாள். காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்த எண்ணை மட்டும் படித்தாள். மடித்து மாலைக்கு நடுவே செருகினாள்.

"நாப்பத்தஞ்சு வருஷமா நான் யாரையும் அப்பான்னு கூப்பிட்டதில்லைங்க. இப்ப காலையில எழுந்ததும் கூப்பிடறேன். உங்களாலதான்."

இதற்கு மேலும் மறைத்தால் மனுஷனே இல்லை என்று அண்ணாதுரைக்குத் தோன்றியது.

"அம்சம், அந்த அசோகா உங்கப்பாவுக்காக வாங்கினதில்லை. எனக்காக."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"ஆணி அடிச்ச அன்னிக்கே. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க சுத்தியலைத் தொட்டதே இல்லை. இவரு யாருன்னு மீரா சாகிப்கிட்ட விசாரிச்சேன். போயும் போயும் தூதர்கிட்டயா ஒளிக்கிறது? சேதி சொல்லாம இருப்பாரா?" அவள் அடுப்படிக்குப் போய்ச் சுண்டைக்காய் அளவு அசோகாவை இலைத்துண்டில் கொண்டுவந்து நீட்டினாள். "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். மாசத்துக்கு ஒரு தடவை இவ்வளவு."

அண்ணாதுரை அதை நாக்கில் வைத்தார். முப்பது வருஷத்தில் எந்த அசோகாவும் இப்படி இனித்ததில்லை. அவளுக்கும் நன்றி, தெருவுக்கும் நன்றி, துருக்கி ராஜாவுக்கும் நன்றி என்று இருந்தது. கண்ணை மூடி முழுதாகக் கரைத்துவிட்டுக் கேட்டார்.

"இருந்தாலும் அச்சு அசலா உங்கப்பா மாதிரியே ஒருத்தர் எனக்குக் கிடைச்சது அதிசயம்தான். அந்த மீசைகூட அப்படியேவா?"

அம்சம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"எங்கப்பாவுக்கு மீசையே கிடையாதுங்க."