பாதிப் பணம் ஸ்பீக்கருக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. குளியலறைத் தரையில் இருந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு. அப்பாவுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. அம்மாவுக்குப் பேனா மூடியைத் திறந்தால்கூடக் கேட்டுவிடும்.

அப்பாவின் காது மெஷினுக்காக அம்மா இரண்டு வருடம் துணி தைத்து முப்பதாயிரம் சேர்த்தாள். அப்பா, "எங்காதுக்கு ஒன்னுமில்ல, இந்த டப்பா ஸ்பீக்கர்தான் சரியில்ல" என்று சொல்லி உங்களிடம் யோசனை கேட்டார். சவுண்டு சிஸ்டம் கடைக்காரர் என்ற முறையில் நீங்களும் பாதிப் பணம் ஸ்பீக்கருக்கு, கால் பங்கு ஆம்ப்ளிஃபயருக்கு, மீதி பிளேயருக்கு என்று எழுதி அனுப்பினீர்கள். அது எந்தப் பணம் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்கள் மேல் கோபம் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஸ்பீக்கர் பெருத்தால் ஆம்ப்ளிஃபயர் இளைக்கிறது, ஆம்ப்ளிஃபயருக்கு ஊட்டினால் பிளேயர் பட்டினி கிடக்கிறது, நேற்றுதான் வயருக்குப் பங்கே வைக்கவில்லை என்று ஞாபகம் வந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். அம்மா எட்டிப் பார்த்து, "இதுல காதுக்கு எவ்வளவுங்க?" என்றாள். "மாட்டுற கூலி தனி" என்றார் அப்பா.

அப்பா ஓட்டுகிற ஸ்கூல் வேனில்தான் நானும் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அவருக்குப் பின் சீட் என்னுடையது. இடப்பக்கம் ஹார்ன் கேட்டால் இடது தோளில் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் வலது தோளில், பின்னால் லாரி வந்தால் இரண்டு தட்டு. ஒரு வருடமாக இப்படித்தான் வேன் ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும், "தட்டாதம்மா, கேக்குது" என்பார். காய்ச்சல் வந்தாலும் நான் லீவு போடுவதில்லை. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவள் என்று பள்ளியில் கோப்பை கொடுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை அப்பா வேனைப் பின்னால் எடுக்கும்போது, கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலைப் பொறுக்க ஒரு குட்டிப் பையன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துவிட்டான். அவன் அம்மா அலறினாள். தட்ட நேரமில்லை, அப்பாவின் காதையே பிடித்து இழுத்தேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அந்த அம்மா அழுதுகொண்டே, சரியான நேரத்தில் பிரேக் போட்டதற்கு அப்பாவுக்கு நன்றி சொன்னாள். அப்பா சிரித்தபடி தலையாட்டினார்.

திங்கள் முதல் எங்கள் வகுப்புக்குக் காலைச் சிறப்பு வகுப்பு. நான் முதல் பஸ்ஸில் போயாக வேண்டும். வேனில் பதினான்கு பிள்ளைகள் இருப்பார்கள், தட்ட ஆள் இருக்காது. அம்மாவிடம் சொன்னால் அந்த நிமிடமே சாவியைப் பிடுங்குவாள். அப்பாவின் முகத்தை அதற்கப்புறம் என்னால் பார்க்க முடியாது. சத்த விஷயத்தில் அவர் நம்புகிற ஒரே ஆள் நீங்கள். சாமான் இருப்பில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முதலில் காதைப் பரிசோதித்தால்தான் எந்த ஸ்பீக்கர் என்று முடிவு செய்யலாம் என்று ஏதாவது பொய் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும். படித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ளது எதையும் செய்ய வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் இன்று சனிக்கிழமை உங்கள் கடை ஆள் வந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா பாட்டுப் போட்டார். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அலமாரியில் தட்டுகள் ஆடின. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள், கீழ்வீட்டுக் குழந்தை வீறிட்டது. அப்பா ஸ்பீக்கர் பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டுவிட்டு, "இதுவும் பழசு மாதிரியேதான் இருக்கு" என்றார். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்தார். பாட்டை நிறுத்தி, "எத்தன நாளாம்மா தட்டுற?" என்று என்னைக் கேட்டார். ஒரு வருடம் என்றேன். கேட்கவில்லை. ஒரு விரலைக் காட்டினேன். வேன் சாவியைத் தானே எடுத்து அம்மா கையில் வைத்தார். திங்கட்கிழமைக்கு வேறு டிரைவர் பேசியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அப்பா பெட்டிகளைத் திருப்பித் தர வருவார். தம்பி ஒரு ஸ்பீக்கரில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஸ்பீக்கர் சரியில்லை என்றுதான் சொல்வார். ஆமாம் என்று சொல்லுங்கள் மாமா. கொஞ்சம் சத்தமாக.