படத்துக்கு மேல் ஒரு குரல்

டி.வி.யில் சீனாக்காரன் வாயைத் திறந்தான். சீன மொழியில் பேசினான். நபோசா பதறிப்போனாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சீனாக்காரனும் சீனம் பேசியதில்லை. எல்லாரும் உள்ளூர் லுகாண்டா மொழிதான், அதுவும் அவள் புருஷன் கசூலேயின் குரலில். கம்பாலாவின் படக்கொட்டகைகளில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது, மைக்கைப் பிடித்துக்கொண்டு யார் என்ன சொல்கிறான் என்று கூடவே சொல்லிப் போகிற வேலை அவனுக்கு. பாதி அவனே விடுகிற கதை. வில்லன் சாகும்போது, "அடுத்த மாச வாடகைய இனி எவன்டா குடுப்பான்?" என்பான். கொட்டகையே குலுங்கும். கதாநாயகி அழுதால், "நபோசா, வாழைக்காய் மத்தோக்கேவ ஆறாம மூடி வை, வந்துட்டேன்" என்பான்.

அப்படி அவன் குரல் பதிவான முந்நூற்றுப் பத்துப் படங்களும் வீட்டில் ஒரு கறுப்பு டிஸ்கில் இருந்தன. தொண்டையில் வந்த நோய் முதலில் குரலைக் கொண்டுபோயிற்று, பிறகு ஆளையே கொண்டுபோயிற்று. ஐந்து மாதம் ஆகிறது. துக்கம் கழிக்கிற ஒலும்பே சடங்கு முடிகிறவரை வீட்டில் படம் கிடம் கூடாதென்று குலத்தில் மூத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நேற்றுத்தான் அது முடிந்தது. இன்று அவன் குரலைக் கேட்க வேண்டுமென்று டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்தாள். பத்துப் படம் மாற்றி மாற்றிப் போட்டாள். ஒன்றிலும் அவன் இல்லை.

"இன்னொரு தடவை செத்துட்டியே மனுஷா!" என்று வாய்விட்டே அழுதாள்.

அழுகை கேட்டு ஓடிவந்தான் கொழுந்தன் லுத்தாயா. ரிமோட் கையில் கிடைத்தால் அவனுக்குத் தலைகால் புரியாது.

"மொழி மாறியிருக்கும் அண்ணி. இப்பப் பாருங்க" என்று நாலைந்து தடவை அமுக்கினான். குரல் வரவில்லை. டி.வி.யில் தெரிந்த எழுத்தெல்லாம் அரபியாகிவிட்டது.

"என்னடா இது?"

"இருங்க, திருப்பி மாத்திடறேன்."

"எதை அமுக்குவே? படிக்கத் தெரியுமா உனக்கு?"

"பள்ளிவாசல்ல கேட்டா சொல்லுவாங்க."

"டி.வி.யைத் தலையில தூக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவியா? போடா அந்தப் பக்கம்!"

எதிர்வீட்டு ஓபியோ ஃபோன் ரிப்பேர் செய்கிறவன். டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"வைரஸ் அக்கா. முதல்ல குரலைத்தான் தின்னும்."

"அப்புறம்?"

"படத்தைத் தின்னும். சுத்தம் பண்ணிடட்டுமா?"

"பண்ணினா அவர் பேசுவாரா?"

"கணீர்னு பேசுவார்."

சுத்தம் செய்தான். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். டிஸ்கில் ஒன்றுமே இல்லை.

நபோசா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "படம் ஏத்தித் தர்ற கடையில இருக்கும் அக்கா" என்று முனகினான்.

கடைக்காரர் வாய் நிறைய வரவேற்றார். "கசூலே அண்ணன் படங்களா? அத்தனையும் இருக்கு, உக்காருங்க!" என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார். கணீரென்று குரல் வந்தது. கசூலேயின் குரல் இல்லை. அதே தொழில் செய்கிற அவன் ஜென்மப் பகைவன் ம்புகாவின் குரல்.

"நிறுத்துய்யா! இந்தத் தவளைவாயன் குரல் என் வாசப்படி ஏறக்கூடாதுன்னு இருந்தவர்யா அவர்!"

"என்ன பண்றது? இப்ப எல்லாரும் ம்புகாவைத்தான் கேக்கறாங்க. பழசையெல்லாம் எடுத்துட்டு இதைப் போட்டுட்டோம்."

நபோசா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஒண்ணு. ஒரே ஒரு படம். முழுசாக் கூட வேணாம். 'நபோசா'ன்னு கூப்பிடற அந்த இடம் மட்டும் இருந்தாப் போதும்."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கூட வந்திருந்த லுத்தாயா மூக்கைச் சிந்தினான். அவளுக்குத் துக்கம் போய் ஆத்திரம் வந்தது. டிஸ்கை மேஜைமேல் ஓங்கி வைத்தாள்.

"எந்தப் பாவி என் வீட்டு டிஸ்கிலேருந்து அவர் குரலை எடுத்தான்? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், நாசமாப் போவான்!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பாபிரியே என்ற பெண் டிஸ்கைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்த டிஸ்க்.

"சாபம் விடாதீங்க அக்கா, எடுக்கச் சொன்னதே அண்ணன்தான், குரல் போனப்புறம் மூணு நாள் இதே பெஞ்சில உக்காந்து, அவர் பேசாத படமா ஒவ்வொண்ணாத் தேடி ஏத்தச் சொல்லிட்டு, 'கொஞ்சம் வாயை மூடுய்யா, ஒரு படமாவது நிம்மதியாப் பாக்கறேன்னு நபோசா இருபத்தாறு வருஷமாக் கெஞ்சினா, நான் போனப்புறமாவது பாக்கட்டும்'னு காகிதத்துல எழுதிக் காட்டினார்."