மரத்துக்குத் தண்ணீர் வேண்டாமா?

"போயிடு கண்ணு... உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அபெலார்தோ நாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நாய் போகவில்லை. அதன் வாயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று நுரை.

ஈக்வடார் நாட்டு மலையூரான குவாராண்டாவில் கார்னிவல் திருவிழா வாரம். சதுக்கத்திலிருந்து மேளச்சத்தம் வந்துகொண்டிருந்தது. இந்தச் சந்திலோ அவரும் நாயும் மட்டும்தான். மருந்துக்கடைக்காரரான அவர் அன்று காலைதான் ஊர் வானொலியில் முழங்கியிருந்தார்: "வெறிநாயைக் கண்டா ஓடாதீங்க, கத்தாதீங்க, அது கண்ணைப் பாக்காதீங்க. மரம் மாதிரி நில்லுங்க!"

சொல்வதற்கென்ன? மரத்துக்கு முழங்கால் நடுங்குமா?

இருந்தாலும் நின்றார். நாய் அவர் காலை மோந்தது. பிறகு கையிலிருந்த பொட்டலத்தை மோந்தது. உள்ளே சோய்லா கடைப் பன்றி வறுவல். ஒரு துண்டைத் தூர வீசினார். லபக்கென்று விழுங்கிவிட்டு இன்னும் நெருங்கி வந்தது. பின்னே, வராதா?

அந்த மலையூர்களில் கல் எடுப்பதுபோலச் சும்மா குனிந்தாலே போதும், எப்பேர்ப்பட்ட நாயும் ஓடிவிடும். அபெலார்தோ குனிந்தார். முகம் எட்டுகிற உயரத்துக்கு வந்ததே என்று நாய் பாய்ந்து, அவர் மீசையோடு மூஞ்சியைத் தேய்த்து ஆசைதீர நக்கியது.

"ஐயோ! வெறிநாய்! காப்பாத்துங்க!"

எடுத்தார் ஓட்டம். பொட்டலத்தை மட்டும் விடவில்லை. நாயும் விடவில்லை.

"அண்ணே, பாத்து! என் சோளக்கூடை போச்சே!" என்று அலறினாள் ஒருத்தி.

"சோளம் கிடக்கட்டும்! சுகாதார நிலையத்துக்குப் போன் போடும்மா!"

வெறிநாய்க்குத் தண்ணீர் ஆகாது என்பதும் அவர் வானொலியில் சொன்னதுதான். சதுக்கத்து நீரூற்றுத் தொட்டிக்குள் தொபீரென்று குதித்து இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நாயும் சந்தோஷமாகப் பின்னாலேயே குதித்தது. மேளம் நின்றது. முங்கி எழுந்த நாயின் வாயில் நுரையே இல்லை.

"கனேலா! அங்க என்னடி பண்றே?" என்று கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள் சோய்லா.

"உன் நாயா? அது வாயில நுரை..."

"பசங்க ஒருத்தர் மேல ஒருத்தர் பீய்ச்சி விளையாடுற சோப்பு நுரையை அது மூஞ்சியில அடிச்சிருக்காங்க. கார்னிவல்னா அதானே! இந்த ஊர்லயே பொறந்த ஆளு, இதுகூடவா தெரியலை?"

சதுக்கமே சிரித்தது.

"என்னண்ணே, மரம் மாதிரி நிக்கச் சொன்னீங்க. தண்ணிக்குள்ள நிக்கிறீங்க?" என்று கேட்டான் கூட்டத்தில் ஒருவன்.

"மரத்துக்குத் தண்ணி வேணாமாடா?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

மானம் கப்பலேறிவிட்டது. அபெலார்தோ தலையைத் தூக்கவேயில்லை. அப்போதுதான் சுகாதார நிலையத்து வண்டி வந்து நின்றது. தடித்த கையுறை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் வீடு திரும்பியதில்லை. சோய்லா கரண்டியைப் போட்டுவிட்டு, ஈர நாயைத் தூக்கி இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ஊர் சிரித்ததுகூட இப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன் பயத்துக்கு ஒரு வாயில்லா ஜீவன் சாகவேண்டுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஐயா, நாயை விட்டுடுங்க! அதுக்கு ஒண்ணுமில்ல. பயந்தாங்கொள்ளி நான்தான். நாளைக்கு வானொலியிலயே அதைச் சொல்றேன், போதுமா?" என்று தொட்டிக்குள் நின்றபடியே கும்பிட்டார்.

ஓட்டுநர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நாயைப் பத்தி யாருமே சொல்லலையேண்ணே. மீசையெல்லாம் நுரையோட ஒருத்தர் கத்திக்கிட்டே தெருத்தெருவா ஓடுறார்னுதான் போன் வந்துச்சு. மெதுவா வெளியே வாங்க, நாங்க யாரும் உங்க கண்ணைப் பாக்கமாட்டோம்."